செம்புக்குள் குரோமியம்: அன்று உலை, இன்று முறுக்கு

கார் தொழிற்சாலையில் தகடுகளைப் பற்றவைக்கும் ஸ்பாட் வெல்டிங் முனை பெரும்பாலும் குரோமியம் கலந்த செம்புதான். கலந்திருக்கும் குரோமியம் நூற்றுக்கு ஒரு பங்கு தேறினால் பெரிது. மின்சாரம் தாராளமாகப் பாய வேண்டும். சூட்டிலும் அழுத்தத்திலும் முனை மழுங்கவும் கூடாது. சுத்தச் செம்பு முதல் வேலையில் கெட்டிக்காரன், இரண்டாவதில் தோற்றுவிடும். அங்கே கைகொடுப்பவை குரோமியத் துகள்கள்.

அந்தத் துகள்கள் அன்று உலையில் மட்டுமே பிறந்தன. செம்பில் கரைய மனமில்லாத உலோகம் குரோமியம். 1076 டிகிரி செல்சியஸில்கூட கெட்டிச் செம்பு ஏற்றுக்கொள்வது எடையில் சுமார் 0.7 சதவீதம்தான், அறை வெப்பத்தில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. பழைய தொழில்நுட்பம் முழுக்க இந்த வித்தியாசத்தை நம்பியே நடந்தது. ஏறத்தாழ 1000 டிகிரியில் சுட்டுக் கரைப்பார்கள், சட்டென்று தண்ணீரில் முக்குவார்கள், பிறகு 450-500 டிகிரியில் சில மணி நேரம் வைப்பார்கள். வெளியேற வழியின்றி மாட்டிக்கொண்ட குரோமியம் சில நானோமீட்டர் துகள்களாகத் திரளும். செம்பு மறுபடி சுத்தமாவதால் மின்கடத்துதிறனும் ஏறி, சுத்தச் செம்பில் 80 சதவீதம் அளவுக்கு வரும். இடையில் கம்பியை இழுப்பதும் தகட்டை உருட்டுவதும் உண்டு. அது செம்பை இறுக்கும். கரையாமல் மிஞ்சிய பெரிய குரோமியக் கட்டிகளைக் கொஞ்சம் நீட்டும், உடைக்கும். அதற்கு மேல் யாரும் எதிர்பார்க்கவில்லை.

அந்த எதிர்பார்ப்பை மாற்றியது முறுக்கு. ஹார்வர்டில் இயற்பியலாளர் பெர்சி பிரிட்ஜ்மன் 1930களிலேயே பேரழுத்தத்தில் பொருள்களை முறுக்கிப் பார்த்தார். அதை நுண்படிக உலோகம் செய்யும் வழியாக வளர்த்தவர்களில் முக்கியமானவர்கள், ரஷ்யாவின் உஃபா நகரில் ருஸ்லான் வலியெவ் குழுவினர். திரிகையை நினைத்துக்கொள்ளுங்கள்: இரண்டு கெட்டி அச்சுகள், நடுவில் நாணயம் போன்ற வில்லை, அழுத்தம் வளிமண்டலத்தைப் போல் பல்லாயிரம் மடங்கு, ஓர் அச்சு மட்டும் சுழலும். ஆனால் வில்லை பொடியாகாது. அழுத்தம் விரிசலைத் திறக்கவிடாது. 10 மி.மீ. விட்டமும் 0.8 மி.மீ. தடிமனும் உள்ள வில்லையில் ஒரே சுற்றுக்கு விளிம்பின் சறுக்குப்பெயர்ச்சித் திரிபு, அதாவது தடிமனோடு ஒப்பிட்ட பக்கவாட்டு நகர்வு, சுமார் 39. நடுப்புள்ளி கிட்டத்தட்டத் தப்பித்துவிடும், அது வேறு கதை.

இந்த முறுக்கில் துகள்களுக்கு என்ன ஆகிறது என்பதுதான் எனக்குச் சுவையான பகுதி. வெற்றிட மின்துண்டிப்பான்களின் தொடுமுனைக்கான செம்பில் குரோமியம் கால் பங்கு, அதற்கு மேலும் இருக்கும். துகள்கள் மைக்ரோமீட்டர் கணக்கில் பெரியவை. ஆஸ்திரியாவின் லெயோபென் நகரில் ராய்ன்ஹார்ட் பிப்பான், ஆந்த்ரேயா பாக்மையர் முதலியோர் இதை முறுக்கினார்கள். முதலில் மென்மையான செம்புதான் வழிந்து நகரும், குரோமியம் விறைத்து நிற்கும். செம்பு இறுகிய பிறகே திரிபு துகள்மேல் விழும். அவை நீண்டு, மெலிந்து, உடைந்து நானோமீட்டர் அளவுக்கு இறங்கும். அதோடு நிற்கவில்லை. உலை அனுமதித்த வரம்பைத் தாண்டி, கெட்டி நிலையிலேயே குரோமியம் செம்பில் கரைந்தது! இழுபடும் அணுக்கள் துகளின் எல்லையைக் கடந்து கலந்துவிடுகின்றன.

குறைந்த குரோமியம் உள்ள கலவையை முதலில் கரைத்துவிட்டு முறுக்கினால் ஆதாயம் வேறு. படிகத்துக்குள் பெருகிய பிசகுகளும் மணிகளுக்கு (சிறு படிகங்களுக்கு) இடையிலான எல்லைகளும் அணுக்களுக்குக் குறுக்குவழியாகின்றன. பிறகு சூடேற்றும்போது துகள்கள் சீக்கிரமே தலைகாட்டுகின்றன. அவை எல்லைகளைப் பிடித்து நிறுத்துவதால், சுத்தச் செம்பின் நுண்மணிகள் பருத்துப்போகும் வெப்பத்திலும் இந்தக் கலவையின் மணிகள் தாக்குப்பிடிக்கின்றன.

ஆனால் கரைந்த குரோமியம் மின்சாரத்துக்குத் தடை. முறுக்கால் கரைத்ததைத் துகளாக்க மறுபடி சூடுதான் வேண்டும். ஆகவே உலைக்கு ஓய்வில்லை. கோணமாக வளைந்த குழாய் வழியே கம்பியைத் தொடர்ந்து தள்ளும் முறைகள் வந்திருக்கின்றன என்றாலும், பேரழுத்த முறுக்கில் கிடைப்பது இன்னும் பெரும்பாலும் வில்லைதான். வெல்டிங் முனை வாங்கப் போனால், சுட்டு, முக்கி, மறுபடி சுட்ட பழைய சரக்கே இன்றும் கைக்கு வரும்.