பிரிவைப் பாடிய யாழ்

பேரரங்கிற் பலர் கேட்க ஒலிக்கும் இசை வேறு. ஓரறையிற் சிலர் கூடி, ஒருவர் உள்ளத்தை மற்றவர் உணர இசைப்பது வேறு. மேலைநாட்டிலே அத்தகைய அறைகளிற் கவிதை இசையாக மலர்ந்ததுண்டு. ஜெர்மானியக் கவிஞர் வில்லெம் முல்லரின் 24 கவிதைகளுக்குச் சூபேட் 1827இல் இசையமைத்தார். காதலியின் துயில் கலையாவண்ணம் இரவில் அவள் வாயிலைக் கடந்து செல்வோன் கூறும் விடையே அவற்றுள் முதற்பாடல். ஒரு குரலும் ஒரு பியானோவுமே அதற்குப் போதும்.

இம்முறை தமிழுக்குப் புதிதன்று. சிலம்பின் ஏழாம் பகுதியாகிய கானல்வரியை நோக்குக. புகார்க் கடற்கரையிற் புன்னை நிழலில், ஓவியத் திரை சூழ அமைந்த தனியிடமே அங்கு இசையறை. மாதவி தந்த யாழை வாங்கிக் கோவலன் பாடுகின்றான். அவன் மனம் வேறொருத்திபாற் சென்றதோ என ஐயுற்ற அவள், யாழை வாங்கித் தானும் ஒரு குறிப்புடையாள் போலப் பாடுகின்றாள். அதனை மெய்யெனக் கொண்டு அவன் பிரிகின்றான். ஒருவரையொருவர் வெளிப்படப் பழித்தாரல்லர், பாட்டே பழியாயிற்று. அந்த யாழின் ஒலியை அறியாது கானல்வரியைப் படித்தல் பாதிப் படிப்பேயாம்.

அக்குறையை நீக்க முயன்றவர் நம் கரையிலேயே பிறந்தார். கல்முனைக்குத் தெற்கே காரைதீவில் 1892இல் தோன்றிய விபுலாநந்த அடிகள், அரங்கேற்று காதையைத் துணையாகக் கொண்டு பழந்தமிழ் யாழ்களின் அமைப்பையும் சுருதிக் கணக்கையும் ஆராய்ந்து யாழ் நூல் இயற்றினார். அந்நூல் 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது; அடுத்த மாதம் 19ஆம் நாள் அடிகள் மறைந்தார்.

காரைதீவின் வடபால் சாய்ந்தமருது, தென்பால் நிந்தவூர். இவ்வூர்களின் முஸ்லிம் மக்களிடையே வழங்கும் நாலடிக் கவிகளும் இங்கு எண்ணத்தக்கன. வயற்காவற் பரணில் ஆண்களும் வீட்டினுள்ளே பெண்களும் பாடியவை அவை. மச்சானும் மச்சியும் கொண்ட காதலும் பிரிவுமே அவற்றின் பெரும்பொருள். கருவித்துணை இல்லை, நீட்டியிசைக்கும் குரலே யாழ்.

இக்கவிகள் பல அச்சேறியுள்ளன. ஆயின் அச்சேறுவது சொல்லே; ஓசையன்று. ஓசையிழந்த யாழைக் கணக்கிட்டு மீட்க அடிகள் பல ஆண்டுகளைச் செலவிட நேர்ந்தது. கவிக்கும் அந்நிலை வருதல் வேண்டா. பாடவல்ல மூதாட்டியர் இன்னும் நம்மிடையே உளர். மாணவர் கவியின் பொருளை ஆசிரியரிடம் கேட்கட்டும். அதன் ஓசையை மூத்தம்மாவிடம் கேட்டுப் பயிலட்டும்.