வலி போனாலும் விழிப்பு வேண்டும்!

"போன மாசம்தானே ஆஸ்பத்திரியில படுத்து எழுந்தார்? மறுபடியும் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்துட்டாரே!"

இப்படி அலுத்துக்கொள்ளும் இல்லத்தரசிகள் உண்டு. ஓம வாட்டர் கொடுக்கிறோம். வலி அடங்கியதும் மறந்துவிடுகிறோம். ஆனால் கணைய அழற்சி திரும்பத் திரும்ப வருகிறவர்கள் விஷயத்தில் அப்படி மறந்துவிடக் கூடாது.

கணையம் இரைப்பைக்குப் பின்னால் குறுக்கே படுத்திருக்கும் சுரப்பி. குடிப்பழக்கம், பித்தப்பைக் கற்கள், ரத்தத்தில் மிதமிஞ்சிய கொழுப்பு ஆகியவற்றால் அது அழற்சி அடைகிறது. தென்னிந்தியாவில் குடியே அறியாத இளம் வயதினரையும் இது பிடிப்பதுண்டு.

நாம் சாப்பிடும் பருப்பையும் கறியையும் கரைக்கிற நீர் கணையத்தில்தான் ஊறுகிறது. அழற்சியின்போது அது வெளியே கசிந்தால், பக்கத்திலுள்ள ரத்தக்குழாயின் சுவரையே அரித்துவிடும். தேய்ந்த சைக்கிள் ட்யூப் ஓரிடத்தில் புடைத்துக்கொள்ளுமே, அதுபோல தமனி புடைக்கும். மண்ணீரலுக்குப் போகும் தமனியில்தான் இது அதிகம். அது வெடித்தால் உயிருக்கே ஆபத்து.

இன்னொன்று, மண்ணீரலிலிருந்து திரும்பும் சிரை கணையத்தின் முதுகை ஒட்டியே ஓடுகிறது. அதில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டால், வாய்க்கால் அடைபட்ட தண்ணீர் மாதிரி ரத்தம் வேறு வழி தேடும். இரைப்பைச் சுவரிலுள்ள சிறு சிரைகள் வீங்கி, ஒருநாள் கசியும்.

பெரிய ரத்தப்போக்குக்கு முன் சிறிதாக ஒரு கசிவு வந்து எச்சரிப்பதும் உண்டு. எனவே கவனியுங்கள்:

* தார் போல் கறுத்துப் பிசுபிசுக்கும் மலம் (இரும்புச் சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும், ஆனாலும் இந்த நோயாளிக்கு அதுதான் காரணம் என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள்)
* ரத்த வாந்தி, அல்லது காப்பித்தூள் கலந்தாற்போல் வாந்தி
* திடீர் மயக்கம், குளிர்ந்த வியர்வை, முகம் வெளுப்பது
* வழக்கத்துக்கு மாறான கடும் வலி

இவற்றில் ஒன்று கண்டாலும் விடியட்டும் என்று காத்திராதீர்கள். சாப்பிடவோ குடிக்கவோ எதுவும் கொடுக்காமல், உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். "இவருக்கு ஏற்கெனவே கணைய அழற்சி உண்டு" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஏனென்றால், விட்டுவிட்டுக் கசியும் ரத்தம் எண்டோஸ்கோப்பியில் சில சமயம் தட்டுப்படாது. மருந்து செலுத்தி எடுக்கும் சி.டி. ஸ்கேன் புடைப்பைக் காட்டிக் கொடுக்கும். தொடை இடுக்கு வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, சிறு உலோகச் சுருளால் அந்த இடத்தை அடைத்துவிட இன்று வசதி இருக்கிறது. பல பேருக்கு வயிற்றைக் கிழிக்காமலேயே காரியம் முடிந்துவிடுகிறது.

பழைய ஸ்கேன், சீட்டுகளை ஒரே பையில் போட்டு, சட்டென்று எடுக்கும் இடத்தில் வையுங்கள். குடியும் புகையும் வீட்டுக்குள் வேண்டவே வேண்டாம். அதில் மட்டும் தாட்சண்யம் பார்க்காதீர்கள், சகோதரிகளே!