இடிப்பதற்கு முன் கூரையைப் பாருங்கள்!

பழைய ஓட்டு வீட்டையும், வெக்கை அடிக்கும் கான்கிரீட் வீட்டையும் குளுமையாக்கும் வழிகள்

அறுவடை முடிந்து கையில் நாலு காசு சேர்ந்தால், பல கிராமத்து வீடுகளில் முதலில் எழும் பேச்சு, ‘இந்த ஓட்டு வீட்டை இடித்துவிட்டு மெத்தை வீடு கட்டிவிடலாம்’ என்பதுதான். மழைக்கு ஒழுகுகிறது, சுவர் உதிர்கிறது, பையனுக்குப் பெண் கொடுக்க வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று காரணங்கள் வரிசை கட்டும். கைக்காசு அஸ்திவாரத்தோடு தீர்ந்துவிடும். மீதிக்கு நகைக்கடன், அதுவும் போதாமல் வெளிக்கடன். எல்லாம் முடிந்து குடிபோன முதல் சித்திரையிலேயே, ‘ராத்திரியில் உள்ளே படுக்க முடியவில்லை’ என்று வீட்டுப் பெரியவர்கள் கட்டிலைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவார்கள். மறு வருடம் ஏசி வரும். கடன் தவணையோடு கரன்ட் பில்லும் சேர்ந்துகொள்ளும்.

இடிக்கப்படும் பழைய வீடுகளில் பலவற்றுக்கு உண்மையான கோளாறு இரண்டு இடங்களில்தான் இருக்கிறது. ஒன்று, ஒழுகும் கூரை. இன்னொன்று, ஓதம் ஏறிய சுவரின் அடிப்பகுதி. இரண்டையும் பழுது பார்க்க முடியும். ஏற்கெனவே கான்கிரீட் வீடு கட்டியவர்களுக்கும் மருந்து கூரையில்தான் இருக்கிறது.

வெக்கை வரும் வழி

ஒற்றை மாடி வீட்டில் சுவர்களுக்குக் காலையில் ஒரு பக்கமும் மாலையில் ஒரு பக்கமும்தான் வெயில் படும். கூரைக்கோ நாள் முழுக்க வெயில். 4 முதல் 5 அங்குல கான்கிரீட் தளம், பகலெல்லாம் வாங்கிய சூட்டை உடனே உள்ளே விடாது. சேர்த்து வைத்து, சாயங்காலத்துக்கு மேல் இறக்கும். வெளியில் காற்று குளிர்ந்த பிறகும் அறைக்குள் தலைக்கு மேல் அனல் அடிப்பது இதனால்தான். மின்விசிறி அந்தச் சூட்டுக்காற்றையே கீழே தள்ளும்.

ஓடு சீக்கிரம் சூடேறும், சீக்கிரம் ஆறும். ஓடுகளுக்கு நடுவில் உள்ள சந்து வழியாகச் சூட்டுக்காற்று வெளியேறிவிடும். ஒன்றரை அடி மண் சுவரைத் தாண்டி வெயிலின் சூடு உள்ளே வரப் பல மணி நேரமாகும். அதற்குள் பொழுது சாய்ந்துவிடும். ஓட்டு வீட்டிலும் குறை உண்டு. கூரை தாழ்வாக இருந்தால் உச்சி வெயிலில் அனல் நேராக இறங்கும். அதற்கும் வழி இருக்கிறது.

எதை இடிக்கலாம், எதைக் காப்பாற்றலாம்?

முடிவெடுக்கும் முன் நான்கு சோதனைகளைச் செய்துவிட வேண்டும்.

தூக்குக்குண்டு கட்டிப் பார்த்தால் சுவர் வெளியே சாய்ந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். விரல் நுழையும் அளவுக்கு, சுவரின் இரு பக்கமும் தெரியும் வெடிப்பு இருந்தால் அஸ்திவாரம் இறங்கியிருக்க வாய்ப்பு அதிகம். இப்படிப்பட்ட சுவரைப் பொறியாளரிடம் காட்டாமல் தொடக் கூடாது. பூச்சில் மட்டும் ஓடும் மயிரிழை விரிசலுக்குப் பயப்படத் தேவையில்லை.

உத்திரம், கைமரங்களைத் திருப்புளியால் குத்திப் பார்க்க வேண்டும். சுவருக்குள் நுழையும் முனைகளில்தான் கரையான் முதலில் கை வைக்கும். ஒன்றிரண்டு மரம் போயிருந்தால் அவற்றை மட்டும் மாற்றினால் போதும்.

வைரம் பாய்ந்த பனஞ்சட்டங்கள் இருந்தால் அவை சொத்து. இடிப்பு ஒப்பந்தக்காரர்கள் இவற்றை விறகு விலைக்கு எடுத்துப் போய்விடுவார்கள். தமிழ்நாட்டில் பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-ம் ஆண்டு வேளாண் பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது. நினைத்தபோது வெட்டி வாங்கக்கூடிய மரம் இல்லை அது.

ஓட்டை இறக்கி, தேய்த்துக் கழுவி, விரலால் தட்டிப் பார்க்க வேண்டும். ‘கணீர்’ என்றால் நல்ல ஓடு. சத்தம் மந்தமாக வந்தால் உள்ளே விரிசல். மாற்று ஓடு வாங்கப் போகும்போது பழைய ஓடு ஒன்றைக் கையோடு எடுத்துப் போவது நல்லது. ஒரு கம்பெனி சீமை ஓடு இன்னொரு கம்பெனி ஓட்டோடு சரியாகக் கவ்வாது. அந்தச் சந்தில் மழை ஒழுகும்.

ஓட்டுக் கூரைக்கு இரண்டாம் அடுக்கு

ஓட்டை மாற்றி அடுக்கும்போதே, கைமரங்களுக்குக் கீழே சீலிங் ஓடு அல்லது மூங்கில் பாய் கொண்டு இன்னொரு அடுக்கு கொடுத்துவிட்டால் உச்சி வெயிலின் அனல் குறையும். இரண்டு அடுக்குக்கும் நடுவில் ஒரு சாணாவது இடைவெளி வேண்டும். அங்கே தேங்கும் சூட்டுக்காற்று வெளியேற, முக்கோணச் சுவர்களின் உச்சியில் வலை அடித்த திறப்பு வைக்க வேண்டும். அடுப்படிக்கு மேல் பாய் கட்டக் கூடாது. அங்கே ஓடு மட்டும்தான். மின்வயர்களைக் குழாய்க்குள் விட்டே கொண்டுபோக வேண்டும்.

மரங்களுக்கு வேப்பெண்ணெயோ, முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெயோ பூசினால் கரையான் அண்டுவது குறையும். முந்திரி எண்ணெய் தோலில் பட்டால் கொப்பளிக்கும் என்பதால் கையுறை அவசியம். இருட்டறைக்கு இரண்டு கண்ணாடி ஓடு போதும். பகலில் விளக்கு வேண்டாம்.

மண் சுவருக்கு சிமென்ட் பூசலாமா?

பழைய வீட்டுப் பராமரிப்பில் அடிக்கடி நடக்கும் தவறு இதுதான். மண் சுவர் ஈரத்தை வாங்கி, வெயிலில் விட்டுவிடும். அதன் மேல் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளே நிற்கும். ஓரிரு மழைக்காலத்தில் பூச்சு சுவரைவிட்டு விலகி, பாளம் பாளமாக விழும். விழும்போது மண்ணையும் பெயர்த்துக்கொண்டு வரும். ‘மண் சுவர் தாங்காது’ என்ற பேச்சு பல வீடுகளில் இப்படித்தான் ஆரம்பிக்கிறது.

முதலில் ஓதத்தை நிறுத்த வேண்டும். வருடக்கணக்கில் சுவரோரம் ஏறிய மண்ணை வெட்டி எடுத்து, தண்ணீர் வெளியே ஓடும்படி வாட்டம் கொடுக்க வேண்டும். தாழ்வாரத் தண்ணீர் சுவரில் தெறிக்கக் கூடாது. சுவர் காய்ந்த பிறகு, உதிர்ந்த இடங்களை அதே ஊர் மண்ணில் நறுக்கிய வைக்கோலைக் கலந்து, சில நாள் புளிக்கவைத்து அடைக்கலாம். மேலே சுண்ணாம்புக் காரை: ஒரு பங்கு நீற்றிய சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீரைக் காரையில் சேர்ப்பது நம் பழைய கொத்தனார்களின் வழக்கம்.

சுண்ணாம்பைக் குறைந்தது இரண்டு வாரம் நீற்ற வேண்டும். நீற்றும்போது தண்ணீரில் சுண்ணாம்புக் கல்லைப் போட வேண்டும். கல்லின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கண்ணாடி அணிவதும், குழந்தைகளை அண்டவிடாமல் இருப்பதும் முக்கியம். காரையை மெல்லிய பூச்சுகளாக, ஒவ்வொன்றும் இறுகிய பிறகே அடுத்ததைப் பூச வேண்டும். அவசரப்பட்டால் வெடிக்கும்.

சுண்ணாம்புக்கு இன்னொரு பெருமை உண்டு. சிமென்ட் தயாரிக்க ஏறத்தாழ 1,450 டிகிரி சூடு வேண்டும். சுண்ணாம்புக்கு 900 டிகிரி அளவு போதும். சுடும்போது வெளியேறிய கரியமில வாயுவில் ஒரு பகுதியை, இறுகும்போது காரை திரும்ப வாங்கிக்கொள்ளும். உலகின் கரியமில வாயு வெளியீட்டில் 7 முதல் 8 சதவிகிதம் சிமென்ட் தொழிலிலிருந்து வருகிறது.

கான்கிரீட் வீட்டுக்கு என்ன செய்யலாம்?

செலவு குறைந்த வழி வெள்ளைதான். மொட்டைமாடியைச் சுத்தமாகக் கழுவி, சுண்ணாம்பில் பசை கலந்து இரண்டு, மூன்று கை அடித்தால் வெயிலின் பெரும்பகுதி திரும்பிப் போய்விடும். உள்ளே 2 முதல் 5 டிகிரி வரை சூடு குறையும். சுண்ணாம்பை ஒவ்வொரு கோடைக்கும் திரும்ப அடிக்க வேண்டும். வெயிலைத் திருப்பும் பெயின்ட் என்றால் சில வருடம் தாங்கும்; விலை கூடுதல்.

நிலையான வழி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து 3 அங்குலத்துக்குத் தளம் போட்டு, மேலே தட்டோடு பதிப்பது. ஒழுகல் நிற்கும், வாட்டம் சரியாகும், சூடும் குறையும். இது தளத்தின் மேல் கனத்தைக் கூட்டும் வேலை. தளத்தின் அடியில் கம்பி துருப்பிடித்துக் காரை விழுந்திருந்தால், அதைச் சரிசெய்துவிட்டு, பொறியாளரைக் கேட்ட பிறகே தொடங்க வேண்டும்.

விவசாயிக்குக் கைவந்த வழியும் ஒன்று இருக்கிறது: பந்தல். மாடியில் 7 அடி உயரத்துக்குக் குழாய் நட்டு, கம்பி இழுத்து, தரையில் ஊன்றிய சுரை, பீர்க்கு, புடலைக் கொடிகளை மேலே ஏற்றிவிடலாம். தைப் பட்டத்தில் ஊன்றினால் சித்திரை வெயிலுக்குள் பந்தல் மூடிக்கொள்ளும். நிழலும் கிடைக்கும், குழம்புக்குக் காயும் கிடைக்கும். மேற்குச் சுவருக்கும் இதே பந்தல் போடலாம். அல்லது 15 அடி தள்ளி வேம்பு, புங்கன் வைக்கலாம். அரசும் ஆலும் வீட்டருகே வேண்டாம்.

எதிரெதிர்ச் சுவர்களில் ஜன்னல் இருந்தால்தான் காற்று ஓடும். ஒரு பக்கம் மட்டும் ஜன்னல் உள்ள அறையில், எதிர்ச்சுவரின் மேல்பகுதியில் வலை அடித்த வெண்டிலேட்டர் வைப்பது சிறிய செலவு, பலன் பெரிது.

ஓர் அறை கூடுதலாக வேண்டுமென்றால்...

கழிப்பறை, சமையலறை, மகனுக்கு ஓர் அறை என்று சேர்த்துக் கட்ட வேண்டியிருந்தால், அதற்காக முழு வீட்டையும் இடிக்க வேண்டியதில்லை. திருவனந்தபுரத்தில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் (1917–2007) பரப்பிய ‘எலிப்பொறிக் கட்டு’ முறையில், செங்கல்லைக் குத்துவாக்கில் அடுக்கி நடுவில் வெற்றிடம் விடுவார்கள். செங்கல் 25 சதவிகிதம் வரை மிச்சமாகும். வெற்றிடம் சூட்டையும் தடுக்கும். தளத்தில் கம்பிகளுக்கு நடுவே, கான்கிரீட்டின் அடிப்பகுதியில் பழைய ஓடுகளை வைத்து வார்த்தால் கான்கிரீட் குறையும், கீழே ஓட்டின் குளுமை வரும். ஆரோவில் மண் நிறுவனம் பயிற்சி அளிக்கும் இன்னொரு முறை, 5 சதவிகித அளவு சிமென்ட் கலந்து இயந்திரத்தில் அழுத்திச் செய்யும், சுடாத மண் கல்.

செங்கல் மிச்சமானால் மண் மிச்சம். சூளைக்குப் போவது பெரும்பாலும் வயல் மண். இடிக்கும் சுவரின் நல்ல செங்கல்லைச் சுத்தம் செய்து திரும்பக் கட்டுவது, ஒரு வயலின் மேல்மண்ணைக் காப்பது போலத்தான். அழுத்திய மண் கல்லுக்கும் மேல்மண்ணை ஒதுக்கிவிட்டு அடிமண்ணைத்தான் எடுக்க வேண்டும்.

சோலார் கடைசியில்

கூரையைக் குளுமையாக்காமல் சோலார் தகடு போடுவது, ஓட்டை வாளியில் தண்ணீர் இறைப்பது போல. முதலில் தேவையைக் குறைக்க வேண்டும். சாதாரண மின்விசிறி 75 வாட் இழுக்கும், பி.எல்.டி.சி மின்விசிறிக்கு 30 வாட் போதும். நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால், இரண்டு மாதத்தில் ஒரு விசிறிக்கு 32 யூனிட் மிச்சம். மூன்று விசிறிக்குக் கிட்டத்தட்ட 97 யூனிட். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என 2016-ல் அறிவிக்கப்பட்டது; கிட்டத்தட்ட அதற்குச் சமமான அளவு இது.

அதன் பிறகும் தேவை இருந்தால் சோலார். ஒரு கிலோவாட்டுக்கு நிழல் விழாத 100 சதுர அடி இடம் வேண்டும். நாளுக்கு ஏறத்தாழ 4 யூனிட் கிடைக்கும். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் என மானியம் அறிவிக்கப்பட்டது.

கூரை வேலையோடு மழைநீருக்கும் குழாய் வைத்துவிட வேண்டும். 1,000 சதுர அடிக் கூரையில் 1 செ.மீ மழை பெய்தால் 930 லிட்டர் தண்ணீர் விழுகிறது.

அடிக்கடி எழும் கேள்விகள்

‘மண் சுவரை அப்படியே வைத்து, மேலே கான்கிரீட் தளம் மட்டும் போடலாமா?’

கூடவே கூடாது. ஓட்டையும் மரத்தையும் தாங்கக் கட்டிய சுவர், கான்கிரீட்டின் கனத்தைத் தாங்காது. உயிருக்கே ஆபத்து.

‘புயல் வந்தால் ஓடு பறந்துவிடாதா?’

2018 நவம்பரில் கஜா புயலைப் பார்த்த டெல்டா மக்களின் நியாயமான பயம் இது. கைமரங்களைச் சுவரின் மேலுள்ள மரத்தோடு இரும்புப் பட்டையால் பிணைக்க வேண்டும். ஓரத்து வரிசை ஓடுகளையும் முகட்டு ஓடுகளையும் காரையிட்டு, கம்பியால் கட்ட வேண்டும். தாழ்வாரத்தின் கூரையைத் தனியாக அமைத்தால், காற்று அதைத் தூக்கினாலும் வீட்டுக் கூரை தப்பும். கடலோரத்தில் இருப்பவர்கள் புயலுக்கு ஒதுங்க ஓர் அறையை மட்டும் தூண் எழுப்பிக் கான்கிரீட்டில் கட்டிக்கொள்ளலாம்.

‘பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை எப்படிக் கழற்றுவது?’

தண்ணீர் தெளித்து நனைத்து, உடைக்காமல், முழுசாக இறக்க வேண்டும். அதன் தூசு நுரையீரலுக்குள் போனால் புற்றுநோய் வரலாம். மூக்கை மூடும் முகக்கவசம் அவசியம். உடைந்த துண்டுகளை வயல் வரப்பிலோ, மாட்டுத் தொழுவத் தரையிலோ போடக் கூடாது.

‘சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைப்பதில்லையே?’

கோயில் திருப்பணிகளில் வேலை பார்த்த மூத்த கொத்தனார்களை விசாரித்தால் கிடைப்பார்கள். முதலில் தொழுவத்துச் சுவர் ஒன்றில் பூசச் சொல்லி, ஒரு மழைக்காலம் பார்த்துவிட்டு வீட்டில் கை வைக்கலாம்.

எப்போது தொடங்கலாம்?

கார்த்திகை, மார்கழியில் ஒழுகும் இடங்களையும் ஓதம் நிற்கும் உயரத்தையும் கரிக்கோட்டால் குறித்து வைக்க வேண்டும். தையில் ஓட்டை இறக்கி மர வேலை, மாசியில் ஓடு அடுக்குவது, பங்குனிக்குள் சுவர் பூச்சு. ஒரே வருடத்தில் எல்லாம் முடியாது என்றால், கூரையை மட்டும் இந்த வருடம் முடித்துவிட்டு, சுவரை அடுத்த வெள்ளாமைக்கு வைத்துக்கொள்ளலாம். கையிலிருக்கும் காசுக்கு ஏற்ப வேலையைப் பிரித்துக்கொள்ள முடிவதால், நகையை அடகுக்கடைக்கு அனுப்ப வேண்டிய அவசியம் வராது.