ஏரிக்கரை இரவும் உயர்மலை நோயும்

உறங்கும் உயரம்

லடாக்கின் லே நகரிலிருந்து மணாலி நெடுஞ்சாலை வழியே மிதிவண்டியில் செல்வோர், ரும்ட்சே என்னும் சிற்றூரில் ஓரிரவு தங்கி, மறுநாள் 5,300 மீட்டருக்கும் உயர்ந்த தாக்லாங் லா கணவாயைக் கடந்து, நெடுஞ்சாலையை விட்டு விலகி, சுமார் 4,530 மீட்டர் உயரத்தில் உள்ள சோ கார் ஏரியின் அருகே கூடாரமடிப்பதுண்டு. இவ்வுயரத்தில் காற்றழுத்தம் குறைந்துவிடுவதால், ஒவ்வொரு மூச்சிலும் கிட்டும் ஆக்சிஜன் கடற்கரையில் கிட்டுவதில் 60 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். உடல் இதற்குப் பழகுமுன் தலைவலியோடு குமட்டல், பசியின்மை, மிகுந்த சோர்வு ஆகியவை சேர்ந்து தோன்றுவதே உயர்மலை நோய் எனப்படுகிறது. பெரும்பாலும் புதிய உயரத்தை அடைந்து 6 முதல் 12 மணி நேரத்திற்குள் இது தலைகாட்டுவதால், பகலில் கணவாயை எளிதாகக் கடந்தவர் இரவில் கூடாரத்திற்குள் துவண்டு போகலாம். உடற்பயிற்சி இந்நோய்க்குக் காப்பன்று. கால்வலு மிக்கவர் விரைந்து ஏறிவிடுவதால் அவருக்கே ஆபத்து கூடுவதும் உண்டு. ஆகவே, 3,000 மீட்டருக்கு மேல் உறங்குமிடத்தின் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாமல், மூன்று நான்கு நாள்களுக்கு ஒருமுறை ஏறாமல் ஓய்வெடுக்க வேண்டும் என மருத்துவ வழிகாட்டுதல்கள் வலியுறுத்துகின்றன.

வியர்வையும் விரல்களும்

வறண்ட மலைக்காற்றில் வியர்வை உடனுக்குடன் உலர்ந்துவிடுவதால் நீரிழப்பு கண்ணுக்குப் புலப்படுவதில்லை. சிறுநீர் அடர்மஞ்சளாக மாறுவதே நம்பத்தக்க அறிகுறி. கைப்பிடியை நெடுநேரம் ஒரே நிலையில் அழுத்திப் பிடித்தால் மணிக்கட்டின் வழியே செல்லும் அல்நார் நரம்பு நசுங்கி, சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகும். பிடிக்கும் நிலையை அடிக்கடி மாற்றுவது இதைத் தடுக்கும்.

ஏரிநீர் குடிநீரன்று

சோ கார் உப்பு ஏரி; அதன் நீரைக் காய்ச்சினால் கிருமிகள் அழியுமே தவிர, நீர் ஆவியாக ஆவியாக உப்பின் அடர்த்தி கூடவே செய்யும். ஓடைநீர் நன்னீராயினும் கால்நடைகள் மேயும் நிலத்தின் வழியே வருவதால் காய்ச்சியே அருந்தத்தக்கது. இங்கு நீர் 85 பாகை செல்சியசை ஒட்டியே கொதித்துவிடும் என்பதால், கொதிக்கத் தொடங்கியபின் மேலும் மூன்று நிமிடம் காய்ச்ச வேண்டும்.

கூடாரத்திற்குள்

கூடாரமடிக்கும் முன்பே வியர்வையில் நனைந்த உடையைக் களைந்து உலர்ந்த உடை அணிவது உடல்வெப்பம் குன்றாமல் காக்கும். குளிருக்கு அஞ்சிக் கூடாரத்திற்குள் அடுப்பெரிப்பது உயிருக்கே உலைவைக்கும். மணமோ நிறமோ அற்ற கார்பன் மோனாக்சைடு, ஏற்கெனவே குறைந்துள்ள ஆக்சிஜனையும் குருதி ஏற்கவிடாமல் தடுத்துவிடுகிறது. மூச்சைத் தளர்த்தும் மதுவும் தூக்கமாத்திரையும் அன்றிரவு அறவே ஆகா.

இறங்கும் வழி

ஓய்விலும் மூச்சு வாங்குதல், ஓயாத இருமல், நேர்க்கோட்டில் அடிமேல் அடிவைத்து நடக்க இயலாமை ஆகியவை நுரையீரலிலோ மூளையிலோ நீர்கோத்திருப்பதைக் காட்டுவன. அந்நிலையில் உடனே கீழிறங்குவதே முதற்சிகிச்சை. ஆனால் சோ கார் நாற்புறமும் மலைசூழ்ந்த வடிநிலத்தில் இருப்பதால், வந்த வழியே தாழ்வான லே நகருக்குத் திரும்பவும் தாக்லாங் லாவை மீண்டும் ஏறிக் கடந்தாக வேண்டும்; நோயுற்றவர் அதை மிதித்து ஏற இயலாது. எனவே, அவசரத்திற்கு வரக்கூடிய ஒரு வாகனத்தை முன்னரே பேசிவைப்பதோடு, ரும்ட்சேயில் காலையில் விழிக்கும்போதே தலைவலி இருந்தால் அன்றைய பயணத்தை நிறுத்திவிட வேண்டும்.