மங்குப் பால் உறைவது ஏன்?

மாணவச் செல்வங்களே! நம் சுங்காய் வட்டாரத்துப் பால்மரத் தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறிவிட்டன. ஆதலால், மரத்தினின்று சொட்டும் வெண்பால் ரப்பராக மாறுவதை உங்களுள் பலர் கண்டிருக்கமாட்டீர்கள். உங்கள் பாட்டன் பாட்டிமாரைக் கேளுங்கள். காடி ஊற்றினால் பால் உறையும் என்று நொடியில் சொல்வார்கள். அஃது உண்மையே. ஆயினும், அதனைச் சோதனை செய்து காண்பதில் ஒரு தனிச்சுவை உண்டு.

வடிகட்டிய ரப்பர் பாலுடன் சம அளவு நீர் கலந்து, மூன்று கண்ணாடிக் குவளைகளில் ஊற்றுக. முதற் குவளையில் ஒன்றும் சேர்க்க வேண்டா. இரண்டாவதில் இரு தேக்கரண்டி வினிகர் சேர்த்துக் கலக்குக. மூன்றாவதில் நீர்த்த அமோனியா சில துளிகளை ஆசிரியர் மட்டுமே விடுதல் வேண்டும். இரண்டாம் குவளையில் நனைத்த நீல லிட்மஸ் தாள் சிவக்கும், அது காடி. மூன்றாவதில் சிவப்புத் தாள் நீலமாகும், அது காரம். சிறிது நேரத்தில் இரண்டாம் குவளைப் பால் திரண்டு கட்டியாகும். மற்றவை பாலாகவே இருக்கும்.

இத்துடன் சோதனை முடிந்ததென எண்ணிவிடாதீர்கள். மறுநாள் காலையில் பார்த்தால், ஒன்றும் சேர்க்காத முதற் குவளையும் உறைந்து நாற்றம் வீசும்! காடி ஊற்றாமலே உறைந்ததே, அப்படியாயின் நேற்றைய முடிவு தவறா? அக்கட்டியைப் பிழிந்து, வரும் நீரில் நீல லிட்மஸ் தாளை நனையுங்கள். அது சிவக்கும். நாம் ஊற்றாத காடி அங்கே எப்படி வந்தது? பாலிலுள்ள சர்க்கரை முதலியவற்றை உண்ட நுண்ணுயிர்கள் அதனை உண்டாக்கின. வீட்டில் உறை ஊற்றிய பால் தயிராவதும் இவ்வாறே. மங்கில் எஞ்சிய பால் மறுநாள் கட்டியாகக் கிடப்பதன் காரணமும் இதுவே.

ரப்பர்த் துகள்களின் மேல் எதிர் மின்னேற்றம் உண்டு. அதனால் அவை ஒன்றையொன்று விலக்கி நீரில் மிதக்கின்றன. காடி அவ்வேற்றத்தைத் தணிக்கவே, துகள்கள் ஒட்டிக்கொள்கின்றன. அமோனியாவோ நுண்ணுயிர்களை அடக்குவதோடு, தோன்றும் காடியையும் நடுமையாக்குகிறது. இதனை மெய்ப்பிக்க, மூன்றாம் குவளையில் வினிகரைச் சிறிது சிறிதாக விடுக. முதலில் பால் அசையாது. காரம் தீர்ந்த பின்னரே உறையும்.

இங்கே ஓர் எச்சரிக்கை: மதுசாரம் ஊற்றினாலும் ரப்பர் பால் உறையும். ஆகவே, 'காடி சேர்ந்தால் பால் உறையும்' என்று எழுதலாம். 'பால் உறைந்திருந்தால் காடி சேர்ந்திருக்கும்' என்று எழுதலாகாது. தேர்வுத்தாளில் பலர் இடறும் இடம் இது.

ஆலைகளில் வினிகரைவிடப் பார்மிக் காடியே மிகுதியாகப் பயன்படுகிறது. எறும்பைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. 1671 இல் ஜான் ரே என்னும் ஆங்கிலேயர் எறும்புகளிலிருந்து இதனைப் பிரித்தெடுத்தார். முசுறு கடித்த இடம் எரிவதும் இக்காடியினாலேயே. பெற்றோர்களே, நீர்க்காத பார்மிக் காடி தோலையும் கண்ணையும் வெந்து போகச் செய்யும். அதனைச் சோடாப் புட்டியில் ஊற்றி வீட்டில் வைக்காதீர்கள். மேலே பட்டுவிட்டால் உடனே ஓடும் நீரில் நெடுநேரம் கழுவி, மருத்துவமனைக்கு விரைக.

இந்தச் சோதனைக்கும் கூலிக்கும்கூடத் தொடர்பு உண்டு. நூறு கிராம் பாலை உறையவைத்து, பிழிந்து, நன்கு உலர்த்தி நிறுத்தால், பெரும்பாலும் முப்பது முதல் நாற்பது கிராம் ரப்பரே தேறும். மழைநீர் கலந்தால் இன்னும் குறையும். பல தோட்டங்களில் பாலின் எடையோடு இவ்வுலர் ரப்பர் அளவையும் பார்த்தே கூலி கணக்கிட்டனர். மாதிரிக்கு எடுத்த ஒரு கரண்டிப் பால் நன்கு கலக்காமல் எடுக்கப்பட்டிருந்தால், அன்றைய உழைப்பின் கணக்கே பிழையாகிவிடும். ஆகையால், மாணவர்களே, நிறுக்கும் முன்னர் பாலை நன்றாகக் கலக்குங்கள். ஒரே பாலில் மூன்று மாதிரிகள் எடுத்து, மூன்றும் ஒத்து வருகின்றனவா என்று பாருங்கள்.