இம்ப்ளான்ட் பிரிட்ஜ்: எந்த இடத்துக்கு எந்தப் பீங்கான்?



பல் கட்ட உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு வரும் மனுக்களோடு மருத்துவமனையின் எஸ்டிமேட்டும் இருக்கும். அதில் பெரும்பாலும் 'ஜிர்கோனியா பிரிட்ஜ்' என்று ஒரே வரிதான். நூலுக்குக் கவுண்ட் கேட்கிறோம். துணிக்கு ஜிஎஸ்எம் கேட்கிறோம். நகையை அடகு வைத்துக் கட்டும் பல்லுக்கும் விவரம் கேட்க வேண்டாமா?

இயற்கைப் பல்லின் வேரைச் சுற்றி மெல்லிய நார்த்திசு உண்டு. கடிக்கும் அழுத்தத்தை அது மெத்தைபோல் தாங்கும். கடினமாகக் கடித்தால் உடனே உணர்த்தும். இம்ப்ளான்ட் என்னும் டைட்டானியம் திருகு நேராக எலும்போடு ஒட்டுகிறது; இடையில் மெத்தை இல்லை. அதனால் மேலே வைக்கும் பீங்கானுக்குச் சுமை அதிகம்.

வளைக்கும் விசையைத் தாங்கும் திறனை மெகாபாஸ்கல் கணக்கில் சொல்வார்கள். மேற்பூச்சுக்கான சாதாரணப் பீங்கான் ஏறக்குறைய 100. லித்தியம் டைசிலிகேட் 400 அளவில். ஜிர்கோனியா 1,000 வரையும் அதற்கு மேலும். ஆனால் எல்லா ஜிர்கோனியாவும் ஒன்றல்ல. அதில் இட்ரியா என்ற பொருள் 3 மோல் சதவீதம் இருந்தால் உறுதி அதிகம், பார்வைக்குச் சற்று மங்கல். 5 சதவீதமானால் இயற்கைப் பல்போல் ஒளி ஊடுருவும். ஆனால் உறுதி 500–700 அளவுக்கு இறங்கிவிடும்.

ஆகவே கடைவாய்ப் பிரிட்ஜுக்கு, மேற்பூச்சு இல்லாமல் ஒரே கட்டியில் கடைந்தெடுத்த உறுதியான ஜிர்கோனியா ஏற்றது. மேற்பூச்சு போட்டால் அழகு கூடும். ஆனால் பூச்சு சில்லுச்சில்லாகப் பெயர்வது இம்ப்ளான்ட் பிரிட்ஜில் அடிக்கடி வரும் தொல்லை. முன்பற்களில் தோற்றம் முக்கியம். அங்கே ஒளி ஊடுருவும் வகையையோ, முன்பக்கம் மட்டும் பூச்சையோ யோசிக்கலாம். லித்தியம் டைசிலிகேட் கடைவாய்ப் பிரிட்ஜுக்கு உகந்ததல்ல. உலோகச் சட்டத்தின் மேல் பீங்கான் வைப்பது பழைய முறை. இன்றும் பயன்பாட்டில் உள்ளது.

ஜிர்கோனியா மண்ணில் கிடைக்கும் கனிமத்திலிருந்து வருவது. அதன் மூலமான சிர்கான், கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலும் உண்டு. இதில் விலங்குப் பொருள் கிடையாது. ஆனால் தாடை எலும்பு குறைந்து எலும்புத்தூள் வைக்க நேர்ந்தால், அது எதிலிருந்து எடுத்தது என்று முன்கூட்டியே கேளுங்கள். மாட்டெலும்பிலிருந்தும் பன்றியிலிருந்தும் எடுத்தவை சந்தையில் உள்ளன, செயற்கையானவையும் உண்டு.

பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை:

1. எந்த வகை ஜிர்கோனியா? ஒரே கட்டியா, மேற்பூச்சு உள்ளதா?

2. திருகிப் பொருத்துவதா, சிமெண்டில் ஒட்டுவதா? திருகியதைப் பழுதுபார்க்கக் கழற்றுவது எளிது. சிமெண்ட் ஈறுக்குள் தங்கினால் அழற்சி வரும்.

3. கடி சரிபார்க்கத் தேய்த்த இடத்தை மீண்டும் பாலிஷ் செய்வார்களா? சொரசொரப்பாக விட்டால் எதிர்ப்பல் தேயும்.

4. பிரிட்ஜின் அடியில் சிறு பிரஷ் நுழைய இடம் இருக்குமா?

தூக்கத்தில் பல்லைக் கடிப்பவர்கள் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இரவில் அணியும் உறை தேவைப்படலாம். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும் புகைப்பவர்களுக்கும், எந்தப் பீங்கானாக இருந்தாலும், அடியிலுள்ள இம்ப்ளான்ட் தளரும் வாய்ப்பு அதிகம்.

உதவிக்கு மனுச் செய்வோர் இந்த நான்கு கேள்விகளுக்கும் மருத்துவரிடம் எழுத்தில் பதில் வாங்கி, எஸ்டிமேட்டோடு இணைத்துத் தரவும். தருபவரின் காசும் உங்கள் காசும் வீணாகாமல் இருக்க அது உதவும், இன்ஷா அல்லாஹ்.

– செயலாளர்