அமெரிக்காவில் ஒரு கோடைச் சட்டப் பள்ளி

திருகோணமலைத் துறைமுகத்தைப் பற்றி எழுதப் புகுவோர் அதன் ஆழத்தையும் அழகையும் வியந்து கூறுவதோடு நிறுத்திக்கொள்வது வழக்கம். அத்துறையில் வந்திறங்கிய சரக்குகளுள் சட்டமும் ஒன்று என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒல்லாந்தர் தம் நாட்டு உரோமன்-டச்சுச் சட்டத்தை இத்தீவிற்குக் கொண்டுவந்தனர். 1795 இல் இத்துறையைக் கைப்பற்றிய ஆங்கிலேயர், அச்சட்டத்தை 1799 ஆம் ஆண்டுப் பிரகடனத்தால் நிலைக்கவிட்டு, அதன்மேல் தம்முடைய வழக்கு நடைமுறைகளையும் ஏற்றி வைத்தனர். அப்புக்காத்து, பிரக்கிராசி என்ற பழைய பிரிவினை 1970களில் நீங்கி, எல்லோரும் சட்டத்தரணிகள் ஆகிவிட்டனர்; ஆயினும் அயலார் சட்டத்தைக் கற்றே பிழைக்கவேண்டும் என்னும் விதி மட்டும் நீங்கவில்லை.

இத்தனை சட்டங்களோடு அமெரிக்கச் சட்டமும் எதற்கு என்று கேட்கும் பெரியவர்களை நாம் அறிவோம். கேள்வி நியாயமானதே. விடை கூறுமுன் அமெரிக்கர் நடத்திவந்த கோடைக்காலச் சட்டப் பள்ளிகளைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும்.

இரண்டாம் உலகப் போர் ஓய்ந்தபின், 1947 ஆம் ஆண்டுக் கோடையில், ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த மூவர் ஆஸ்திரிய நாட்டுச் சால்ஸ்பர்க் நகரில் ஒரு பழைய மாளிகையிலே அமெரிக்கக் கல்வி வகுப்பொன்றைத் தொடங்கினர். பின்னாளில் சட்டமும் அங்கு ஒரு பாடமாயிற்று. அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதியரசர்களே வந்து பாடம் சொன்னதுண்டு. 1964 இல் டெக்சஸ் மாநிலத்து டலஸ் நகரில் அயல்நாட்டுச் சட்டத்தரணிகளுக்கென்றே ஒரு கழகம் ஏற்பட்டது. பிற பல்கலைக்கழகங்கள் சிலவும் அவ்வழியைப் பின்பற்றின. சில வாரப் படிப்புத்தான். பல தேசத்துச் சட்டத்தரணிகளும் நீதிபதிகளும் ஒரே வகுப்பில் மாணாக்கராக அமர்வார்கள்.

அங்கே பாடஞ்சொல்லும் முறையே புதுமையானது. 1870 இல் ஹார்வர்ட் சட்டப் பள்ளியின் தலைமையை ஏற்ற லாங்டெல் என்பார், விதிகளை மனனம் செய்விக்கும் பழக்கத்தை விட்டுத் தீர்ப்புகளையே பாடமாக வைத்தார். ஆசிரியர் விரிவுரை நிகழ்த்தமாட்டார். மாணாக்கரை எழுப்பிக் கேள்விமேல் கேள்வியாகக் கேட்பார். பல்லாண்டுகள் பிறரைக் குறுக்கு விசாரணை செய்தே பழகிய ஒருவர், தாமே அதற்கு ஆளாகித் திணறுவதை நினைத்தால் நமக்குச் சிறிது சிரிப்பு வருகிறது. குற்றமில்லை; நாவடக்கத்திற்கு நல்ல மருந்து.

1803 ஆம் ஆண்டின் மார்பரி வழக்கை அங்குப் படியாதவர் இலர். சட்டசபை இயற்றிய சட்டமாயினும், அரசியலமைப்புக்கு முரணானால் அதனை நீதிமன்றம் செல்லாததாக்கலாம் என்று நாட்டிய தீர்ப்பு அது. நம் நாட்டின் 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பிலோ மசோதாவாக இருக்கும்போதே எதிர்க்கவேண்டும்; சட்டமாகிய பின்னர் அதன் செல்லுபடியை ஆட்சேபிக்க இடமில்லை.

இவ்வாறு அமெரிக்கச் சட்டத்தைக் கற்று வந்தவர்களுள் திருகோணமலையோர் மறவாத ஒரு குடும்பத்தவரும் உண்டு. கோணேசர் ஆலயச் சுற்றாடலைப் புனித நகராக்கும் முயற்சி தடுக்கப்பட்டபோது, 1968 இல் அமைச்சர் பதவியைத் துறந்து வெளியேறியவர் மு. திருச்செல்வம். அவருடைய புதல்வர் நீலன் திருச்செல்வம் ஃபுல்பிரைட் உதவி பெற்று ஹார்வர்டில் சட்டம் பயின்றார். நாடு திரும்பி, அதிகாரப் பகிர்வுக்கான அரசியலமைப்பு வரைவுகளில் உழைத்தார். 1999 ஜூலை 29 ஆம் நாள் கொழும்பில் தற்கொலைக் குண்டுக்கு இரையானார்.

நிற்க. அமெரிக்கச் சட்டப் பாடங்களுள் நம் மாவட்டத்தாருக்கு மிக நெருங்கியது எது என்று கேட்டால், ஜூரி முறை என்றே கூறுவோம்.

இலங்கையில் ஜூரி முறையை 1811 இல் கொண்டுவந்தவர் சர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டன். இளமையில் மதுரையில் வளர்ந்து தமிழ் கற்ற பிரித்தானிய அதிகாரி அவர். குற்றஞ்சாட்டப்பட்ட இந்நாட்டான் ஒருவனை அவனுடைய நாட்டவரே இருந்து விசாரிக்கவேண்டும் என்பது அவர் கொள்கை. இன்றைய நடைமுறையில் ஜூரிமார் எழுவர். அவர்களுள் ஐவர் ஒத்துக்கொண்டாலே தீர்ப்பு. சிங்களம், தமிழ், ஆங்கிலம் என மொழிவாரியாக உள்ள பட்டியல்களுள் எதிலிருந்து ஜூரிமாரை எடுப்பது என்பதைத் தெரிந்துகொள்ளும் உரிமை எதிரிக்கு உண்டு. எதிரியைக் காக்கும் ஏற்பாடு என்ற அளவில் இது நல்லதே. ஆனால் கொலையுண்டவர்களின் பக்கத்தில் நின்று பார்த்தால்?

கொட்டியாரக் குடாவின் தெற்கே, கிளிவெட்டியை அடுத்துக் குமாரபுரம் என்றொரு சிற்றூர் இருக்கிறது. 1996 பெப்ரவரி 11 ஆம் நாள் அவ்வூரில் பெண்களும் குழந்தைகளுமாக இருபதுக்கும் மேற்பட்டோர் சுட்டும் வெட்டியும் கொல்லப்பட்டனர். இராணுவத்தினர்மீது வழக்குத் தொடரப்பட்டது. எதிரிகளின் பாதுகாப்பைக் காரணங்காட்டி அவ்வழக்குத் திருகோணமலையிலிருந்து அனுராதபுரத்திற்கு மாற்றப்பட்டது. உற்றாரை இழந்த கிராமத்தார் நூறு கிலோமீற்றருக்கு மேல் பயணம் செய்து சாட்சி சொன்னார்கள். இருபது ஆண்டுகள் சென்றபின், 2016 ஜூலை 27 இல், ஜூரிமாரின் முடிவுப்படி முன்னாள் கோப்ரல்கள் அறுவரும் விடுதலையாயினர்.

தீர்ப்பின் சரிபிழையை ஆராய நாம் முற்படவில்லை. நமக்குத் தோன்றும் வினா வேறு: வழக்கு நடக்கும் இடமும், ஜூரிமார் யாவர் என்பதும் மாறினால் முடிவும் மாறுமா? அமெரிக்கா இவ்வினாவோடு நூறாண்டுகளுக்கு மேல் மல்லாடிய நாடு. வெள்ளையர் மட்டுமே ஜூரியில் அமரலாம் என்ற மேற்கு வெர்ஜினியாச் சட்டத்தை 1880 இலேயே உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. எனினும் 1955 இல் மிசிசிப்பியில், எமெட் டில் என்னும் பதினான்கு வயதுக் கறுப்பினச் சிறுவனைக் கொன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட இருவரையும், வெள்ளை ஆடவர் பன்னிருவர் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் விடுவித்தனர். சட்டம் மாறினாலும் பட்டியல் மாறவில்லை. 1986 இல், பேட்சன் என்பவரின் வழக்கிலேதான், இனத்தை எண்ணி ஜூரிமாரை விலக்குவது கூடாதென்று உறுதியான விதி பிறந்தது.

இடமாற்றத்திற்கும் அங்கே உதாரணம் உண்டு. ரொட்னி கிங் என்ற கறுப்பினத்தவரைப் பொலிசார் அடித்த காட்சி படமாகவே பதிவாகியிருந்தது. வழக்கோ லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலிருந்து சிமி வாலி என்னும் புறநகருக்கு மாற்றப்பட்டது. கறுப்பர் எவரும் இல்லாத ஜூரி, 1992 ஏப்ரல் 29 இல் பொலிசாரை ஏறக்குறைய எல்லாக் குற்றச்சாட்டுகளிலிருந்தும் விடுவித்தது. நகரம் பற்றியெரிந்தது, ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பின்னர், குடிசார் உரிமைகளை மீறிய குற்றத்திற்காக மத்திய அரசு தனியே வழக்குத் தொடுத்தது. 1993 இல் அவர்களுள் இருவர் தண்டனை பெற்றனர். மாநிலமும் மத்தியும் தனித்தனி இறைமை உடையன என்ற கொள்கையே அந்த இரண்டாவது வழக்குக்கு வழிவிட்டது. ஒற்றையாட்சி நாடாகிய நமக்கு அந்த வாசல் இல்லை. இருநாட்டுச் சட்டங்களையும் அருகருகே வைத்துப் பாராதவர்க்கு இவ்வேற்றுமை புலப்படுவது அரிது.

கோடைப் பள்ளிக்குச் செல்வோர் அந்நாட்டு நீதிமன்றங்களையும் சென்று பார்ப்பதுண்டு. அங்கு ஜூரிமாரைத் தெரியும் நாள் ஒன்று வாய்த்தால், நம்மவர் அதனைக் கூர்ந்து கவனித்துக் குறித்துக்கொள்ளவேண்டும். “உமக்கு இன்னாரிடம் வெறுப்புண்டா? பொலிசாரின் வாக்கை மற்றவர் வாக்கினும் மேலாக நம்புவீரா?” என்றாற்போல ஒவ்வொருவரையும் நேர்முகமாக வினவுவார்கள். சில வழக்குகளில் இதற்கே நாட்கணக்கில் செல்லும். வீண் பொழுது என்று நினைக்கத் தோன்றும். குமாரபுரத்தாரின் இருபது ஆண்டுகளோடு ஒப்பிட்டால் அது எம்மட்டு?

அவ்வூருக்கு இப்போது போய்வருவது எளிது. 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டபின் படகுத்துறையில் காத்திருக்கவேண்டியதில்லை. பெப்ரவரி 11 ஆம் நாளில் ஊரார் கூடி, இறந்தவர்களுக்கு விளக்கேற்றுகிறார்கள்.